கடல் வானொலிகளின் கணக்கு வழக்கையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் 1960களின் பைரேட் ரேடியோக்களைப் பற்றி, அதாவது நாட்டு எல்லைக்கு வெளியே கடலில் நின்று லைசென்ஸ் இல்லாமல் ஒலிபரப்பிய நிலையங்களைப் பற்றி, வந்த கட்டுரையை ஆசையாகப் படித்தேன். கப்பல், பாட்டு, அரசாங்கத்தை எதிர்த்து நின்ற துணிச்சல் எல்லாம் நன்றாகவே வந்திருக்கிறது. ஆனால் 1967-ல் பிரிட்டன் அரசு சட்டம் போட்டு எல்லாவற்றையும் ஒழித்துவிட்டது என்று முடித்திருப்பதை ஏற்க முடியவில்லை. சட்டம் செய்தது பாதிதான், மீதியைச் செய்தது கடன் பாக்கியும் பங்காளிச் சண்டையும்.

ரேடியோ கரோலைனையே பாருங்கள். ரோனன் ஓராஹிலி 1964 ஈஸ்டர் சமயத்தில் தொடங்கிய நிலையம் அது. 1967 ஆகஸ்ட் 14 அன்று இன்னொரு கடல் நிலையமான ரேடியோ லண்டன் மூடிய பிறகும், கரோலைனின் இரண்டு கப்பல்களும் சட்டத்துக்கு அசராமல் ஒலிபரப்பைத் தொடர்ந்தன. ஆனால் பிரிட்டிஷ் கம்பெனிகள் விளம்பரம் கொடுப்பதே குற்றம் என்றானதும் வரும்படி வற்றிவிட்டது. கப்பலுக்குச் சாப்பாடும் தண்ணீரும் எண்ணெயும் கொண்டுவந்து கொடுத்த வைஸ்முல்லர் என்ற டச்சு இழுவைக் கப்பல் கம்பெனிக்குத் தரவேண்டிய பாக்கி ஏறிக்கொண்டே போனது. கடைசியில் 1968 மார்ச் 3 அன்று, காலை ஒலிபரப்பு தொடங்கும் முன்பே, அந்தக் கம்பெனியின் இழுவைக் கப்பல்கள் வந்து இரண்டையும் ஆம்ஸ்டர்டாமுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டன. நேயர்களிடம் போய்வருகிறோம் என்று சொல்லக்கூட விடவில்லை. இதில் எந்த அரசாங்கம் வந்தது?

ரேடியோ சிட்டி கதை இதைவிடக் கொடுமை, அதை நீங்கள் தொடாமல் விட்டதுதான் எனக்குப் பெரிய வருத்தம். தேம்ஸ் முகத்துவாரத்தில், உலகப் போரின்போது விமான எதிர்ப்புப் பீரங்கிக்காகக் கட்டிய ஷிவரிங் சாண்ட்ஸ் கோபுரங்களில் ரெஜினால்ட் கால்வர்ட் நடத்திய நிலையம் அது. ரேடியோ அட்லாண்டா என்ற இன்னொரு கடல் நிலையத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஆலிவர் ஸ்மெட்லி தரப்பு அவருக்கு ஒரு டிரான்ஸ்மிட்டர் கொடுத்திருந்தது. அதற்குப் பணம் வரவில்லை என்று ஸ்மெட்லி தரப்பு, அது உருப்படியாக வேலையே செய்யவில்லை என்று கால்வர்ட். சரி, நிலத்தில் என்றால் வக்கீல் வைத்துக் கோர்ட்டுக்குப் போயிருப்பார்கள். இங்கே 1966 ஜூன் 20 அன்று ஸ்மெட்லி ஆட்களை அனுப்பி அந்தக் கோபுரத்தையே பிடித்துக்கொண்டார். மறுநாள் இரவு எசெக்ஸில் இருந்த ஸ்மெட்லியின் வீட்டுக்குக் கால்வர்ட் ஆத்திரத்தோடு போக, அங்கேயே துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார். தற்காப்புக்காகச் சுட்டதாகச் சொன்ன ஸ்மெட்லியைக் கோர்ட் விடுதலை செய்தது. ஒரு டிரான்ஸ்மிட்டர் பாக்கிக்கு ஓர் உயிர் போயிற்று, அப்புறம் கணவர் விட்ட நிலையத்தை மனைவி டோரத்திதான் கொஞ்ச காலம் தாங்கிப் பிடித்தார்.

எல்லைக்கு வெளியே நின்றால் லைசென்ஸ் வேண்டாம் என்று சந்தோஷப்பட்டவர்களுக்கு, பணத்தகராறு என்று வரும்போது போய் முறையிடவும் இடமில்லை என்பது பிறகுதான் உறைத்தது. நெதர்லாந்திலும் இதே பாடுதான். போட்டி நிலையமான ரேடியோ நார்த் சீ இன்டர்நேஷனல் பேசாமல் இருக்கட்டும் என்று 1970-ல் டச்சுக் கடல் நிலையமான ரேடியோ வெரோனிகா பத்து லட்சம் கில்டர் (அப்போதைய டச்சு நாணயம்) கொடுத்தது. வாங்கியவர்கள் சில மாதத்தில் மறுபடி ஒலிபரப்பத் தொடங்கிவிட்டார்கள். அந்தத் தகராறு முற்றி, 1971 மே மாதம் ரப்பர் படகில் போன மூன்று பேர் அவர்களுடைய மெபோ 2 கப்பலுக்கு வெடி வைத்தார்கள். பின்பக்கம் தீப்பிடித்து எரிய, அறிவிப்பாளர்கள் உதவி கேட்டுக் கதறியது அப்படியே ஒலிபரப்பானது. கப்பல் கரைக்கு வந்தால் கடனுக்காகப் பிடித்து வைத்துவிடலாம் என்பதுதான் திட்டமாம்! நல்லவேளையாக யாரும் சாகவில்லை. இதற்காக வெரோனிகாவின் நிர்வாகி புல் ஃபெர்வை ஓராண்டு சிறைத் தண்டனை பெற்றார்.

அந்த நிலையங்களின் பாட்டை நானும் ரசிப்பவன்தான், அவற்றின் பெருமையைக் குறைக்க இதை எழுதவில்லை. ஆனால் முதலாளிகள் அடித்துக்கொண்டபோது தீப்பிடித்த கப்பலில் நின்றவர்கள் சம்பளத்துக்கு வேலை பார்த்த அறிவிப்பாளர்களும் மாலுமிகளும். கட்டுரையின் அடுத்த பகுதி வருவதாக இருந்தால், தயவுசெய்து அவர்களுக்கும் அந்தப் பாக்கிக் கணக்குகளுக்கும் அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்