செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர், செயற்குழுவினர், வருகை தந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, திருக்குறள் ஒப்புவித்தல் போட்டி, மாணவர் பரிசளிப்பு ஆகியவை வழக்கம்போல் நடந்தேறின. கணபதி விழாவின்போது அன்னதானம் செய்தோம்.

இவ்வாண்டின் முக்கியப் பணி பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி நூல்களுக்கான வாசிப்பு வட்டம். "மும்பை செம்பூரில் இருக்கிற நமக்கு யாழ்ப்பாணத்துக்காரர் எதற்கு?" என்று செயற்குழுவிலேயே கேள்வி எழுந்ததால் விரிவாகவே பதில் சொல்கிறேன். 1932இல் கரவெட்டியில் பிறந்தவர். இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் கிரேக்க இலக்கிய அறிஞர் ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு செய்து, பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பற்றி எழுதி 1970இல் முனைவர் பட்டம் பெற்றார். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் ஈழத்துக் கூத்தைப் புதிதாக மேடையேற்றியபோது உடன் நின்றார். தமிழ்ச் சிறுகதையின் தோற்றமும் வளர்ச்சியும் பற்றி அவர் எழுதிய நூலை இன்றும் மாணவர்கள் தேடிப் படிக்கிறார்கள். தமிழக அரசின் திரு.வி.க. விருது பெற்றவர். 2011இல் கொழும்பில் காலமானார். நம்மில் பலர் ஊரில் விடிய விடியக் கூத்துப் பார்த்தவர்கள். அது வேறு, இலக்கியம் வேறு என்றே நமக்குச் சொல்லித் தந்தார்கள். சங்ககால ஆடல் பாடல் கலைஞர்களான கூத்தரையும் பொருநரையும் விறலியரையும் தமிழ்ச் சமூக வரலாற்றின் நடுவில் வைத்துப் பேசியவர் சிவத்தம்பி. இந்தக் காரணம் எனக்குப் போதும்.

அவரது நாடக நூலோடு சிலப்பதிகாரத்தில் மாதவியின் நடன அரங்கேற்றத்தைச் சொல்லும் அரங்கேற்று காதையையும் படித்தோம். அதில் வரும் அரங்கு ஏழு கோல் அகலம், எட்டு கோல் நீளம், ஒரு கோல் உயரம். கோல் என்பது 24 விரல். மூத்த உறுப்பினர் ஒருவர் தன் பெருவிரலை வைத்துத் திரைச்சீலைக் கம்பியில் 24 விரல் குறித்துக் கொடுத்தார். நாற்காலிகளை வராந்தாவுக்கு மாற்றிவிட்டு, அந்தக் கம்பியால் அளந்து தரையில் சாக்பீஸால் அரங்கை வரைந்தோம். தமிழ் எழுதப் படிக்கத் தெரியாத பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, வரிகளைத் தேவநாகரியில் எழுதி வைத்துக்கொண்டு அந்தக் கோட்டுக்குள் நின்று வாசித்தாள். ஒரு சொல்லும் இடறவில்லை.

அன்று வந்தவர்களைவிட வராதவர்களே அதிகம். பராமரிப்புக்காக ரயில்களை நிறுத்தும் ஞாயிறு மெகா பிளாக் உண்மைதான். ஆனால் இரண்டு தெரு தள்ளி இருப்பவர்களுக்கு ரயில் எதற்கு? சந்தாவும் இதே கதைதான். பதிவேட்டில் பாதிப்பேருக்கு மேல் பாக்கி வைத்திருக்கிறார்கள். சிலர் இரண்டாண்டாகச் செலுத்தவில்லை. சென்னையிலிருந்து நூல்களை வரவழைத்த செலவைச் சிலர் கை கொடுத்ததால்தான் சமாளித்தோம்.

வரவும் செலவும் ஏறக்குறைய சரியாக இருக்கின்றன. விவரத்தைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். இடம் தந்த ஹவுசிங் சொசைட்டியினர், தணிக்கையாளர், தேநீர் பொறுப்பேற்ற மகளிர் அணி அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டு ஈழத்து இலக்கியத் திறனாய்வாளர் க. கைலாசபதியின் நூல்களைப் படிக்க விருப்பம். நூல்களைப் பூட்டி வைக்க ஒரு பீரோவும் வேண்டும். பாக்கி வசூலானால் இரண்டும் நடக்கும். இல்லையென்றால் பொங்கலும் பரிசளிப்பும் மட்டுமே நடத்த முடியும். பொருளாளர் ரசீதுப் புத்தகத்துடன் வாசலருகே அமர்ந்திருக்கிறார். ஜிபேயிலும் செலுத்தலாம்.

இப்படிக்கு,
செயலாளர்