இரு பெயர்களில் ஒரு வேலை

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது, தாமதத்துக்குப் பொறுத்துக்கொள். கணவனும் மனைவியும் ஒரே பட்டறையில் கண்ணாடி வேலை செய்தால் எது யாருடைய கைவண்ணம் என்று எப்படிப் பிரிப்பீர்கள் எனக் கேட்டிருந்தாய்.

ஊதும் வேலையில் பிரிக்கவே முடியாது. சுமார் 1,100 டிகிரி செல்சியஸ் உலையிலிருந்து எடுத்த கண்ணாடி குழலின் நுனியில் தேனைப்போல் தொங்கும். உருட்டுவதைச் சற்று நிறுத்தினாலும் ஒரு பக்கமாகச் சரிந்துவிடும். என் கணவர் ஒரு கையால் குழலை உருட்டியபடி, நனைத்த செய்தித்தாள் மடிப்பை மறு உள்ளங்கையில் ஏந்தி வடிவத்தைத் திருத்தும்போது, நான் குழலின் மறுமுனையில் மண்டியிட்டு ஊதுகிறேன். எவ்வளவு ஊத வேண்டும் என்று அவர் வாய்விட்டுச் சொல்லிப் பல ஆண்டுகள் ஆகின்றன. தோளின் அசைவே எனக்குப் போதும்.

வார்ப்பு வேலையில் பிரிக்கலாம் என்று தோன்றும். கண்ணாடிக் கலைஞர்களான ஸ்தானிஸ்லவ் லிபென்ஸ்கியும் யரோஸ்லவா ப்ரிஹ்தோவாவும் செக் நாட்டில் 1950களின் நடுவில் சேர்ந்து வேலை செய்யத் தொடங்கி, 1963இல் மணந்துகொண்டார்கள். லிபென்ஸ்கி வரைவார், ப்ரிஹ்தோவா அதைக் களிமண்ணில் உருவாக்குவார், பிறகு அச்செடுத்து, அச்சுக்குள் கண்ணாடியை உருக்குவார்கள். இதைப் படித்துவிட்டு, கற்பனை அவருடையது, உழைப்பு இவருடையது என்று முடிவு கட்டுபவர்கள் மேல் எனக்குக் கோபமே வருகிறது. தாளில் வரைந்த கோட்டுக்குக் கனம் கிடையாது. கண்ணாடியிலோ நிறம் கனத்தைப் பொறுத்தது. ஒரே சிவப்பு மெலிந்த இடத்தில் ஒளிரும், தடித்த இடத்தில் இருண்டுவிடும். ஆகவே களிமண்ணில் கனத்தைத் தீர்மானித்த கை, ஒளியையும் தீர்மானித்த கைதான். அவர்களுடைய படைப்புகளில் இரண்டு பெயர்களும் சேர்ந்தே நிற்கின்றன. ஃப்ளோரா மேஸும் ஜோயி கிர்க்பாட்ரிக்கும் அப்படித்தான். அமெரிக்காவின் பில்சக் கண்ணாடிப் பள்ளியில் 1979இல் சந்தித்த அந்த இரு பெண்களும் சேர்ந்தே படைத்து, சேர்ந்தே ஒப்பமிடுகிறார்கள்.

சென்ற ஆண்டு ஒரு கண்காட்சியில் எங்கள் படைப்பின் அருகே என் கணவர் பெயரை மட்டும் அச்சிட்டிருந்தார்கள். எனக்குத் தொண்டை அடைத்தது. வேறு அட்டை வரும்வரை படைப்பின் மேலிருந்த துணியை எடுக்க அவர் சம்மதிக்கவில்லை.

தவறு நேரும்போதும் எங்களால் பிரித்துப் பார்க்க முடிவதில்லை. தடித்த வார்ப்பில் மேற்பரப்பு ஆறிய பிறகும் உள்ளே சூடு தங்கியிருக்கும். அவசரப்பட்டால் அந்த இழுவிசையிலேயே பிளந்துவிடும். உலையில் இருபது நாள் ஆறட்டும் என்றார் அவர். நாள் நெருங்குகிறதே என்று பன்னிரண்டாக நான் குறைத்தேன். கதவைத் திறந்தபோது குறுக்கே ஒரு விரிசல். அவர் அதை விரலால் தடவிப் பார்த்தார். மறுநாள் காலை இருவரும் புதிய அச்சுக்கு உட்கார்ந்துவிட்டோம்.

அந்த இரண்டாவது வார்ப்பு இப்போது உலையில் இருக்கிறது. இன்னும் ஒன்பது நாள் ஆற வேண்டும். வெப்பமானியைப் பார்க்க இரவில் முறைவைத்து எழுகிறோம். இன்று என் முறை என்பதால்தான் இந்த நேரத்தில் உனக்கு எழுத முடிந்தது.

அன்புடன்,
உன் தோழி