பேரனின் காவல் பணி குறித்து நண்பருக்கு

சாட்ஸ்வொர்த்,
டர்பன், தென்னாப்பிரிக்கா.

அன்பு நண்பருக்கு வணக்கம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. கண் அறுவை நல்லபடியாக முடிந்து, மறுபடியும் கைப்பட எழுதும் அளவுக்குப் பார்வை தெளிந்திருப்பது பெரிய ஆறுதல். இங்கே அனைவரும் நலம். உங்கள் மகள் வயிற்றுப் பேரன் காவல்துறைக்கு மனுப் போட்டிருப்பதாகவும், மாரிட்ஸ்பர்கில் வீட்டார் எல்லாரும் துப்பாக்கிக்காரர்களை நினைத்து அஞ்சுவதாகவும் எழுதி, என் கருத்தைக் கேட்டிருந்தீர்கள். அந்த அச்சம் நியாயமானதே. ஆயினும், நாம் இருவரும் ஒரே பஸ் பட்டறையில் வண்டிகளுக்கு அடியில் படுத்துக் கிடந்தே வயதைக் கழித்தவர்கள் என்பதால், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அவன் ஏறப்போகும் வண்டிதான்.

என் தங்கை மகனை உங்களுக்குத் தெரியும். டர்பனுக்கு மேற்கே ஒரு நிலையத்தில் சார்ஜென்டாக இருக்கிறான். எந்த நிலையம் என்பது வேண்டாம். சென்ற மாதம் ஒரு மழை இரவில், வீட்டுக்குள் ஆட்கள் புகுந்துவிட்டார்கள் என்று காவல்துறை அவசர எண் 10111க்கு வந்த அழைப்பை ஏற்று, அவனும் உடன் பணிபுரியும் பெண் காவலரும் பக்கி என்கிற பிக்கப் வண்டியில் விரைந்திருக்கிறார்கள். நீண்ட சரிவின் மூன்றாவது வளைவில் பிரேக் மிதி அப்படியே தரையோடு போய்விட்டது. எதிரே பள்ளம் என்பதால் அவனே வண்டியை ஓரத்து மண்மேட்டில் ஏற்றியிருக்கிறான். அவனுக்குக் காறை எலும்பு முறிந்தது. அந்தப் பெண்ணுக்கு முழங்காலில் அடி. பிடிபட்டவர்களை ஏற்றும் பின்கூண்டில் அப்போது யாரையும் ஏற்றியிராதது தெய்வச் செயல், ஏனென்றால் அங்கே சீட் பெல்ட் கிடையாது.

அவனுடைய பையை எடுத்துவரப் போனபோது நிலையத்து முற்றத்தில் அந்த வண்டி நின்றது. பழைய பழக்கத்தில் குனிந்தேன். முன் வலப்பக்க டயரை வெளியிலிருந்து பார்த்தால் பட்டன்கள் நன்றாகவே தெரிந்தன. உட்பக்கம் கையை விட்டுத் தடவினால் ரப்பர் வழவழவென்று தேய்ந்து, ஓரத்தில் கம்பி நுனிகள் விரலைக் குத்தின. டயரின் முழு அகலத்துக்கும் 1 மில்லிமீட்டர் ஆழமாவது இருக்க வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். நசுங்கிய பானெட் திறந்தே கிடந்தது. பிரேக் எண்ணெய்க் குப்பியில் வெளிர்த் தேன் நிறத்தில் இருக்க வேண்டியது கடுங்காப்பி நிறத்தில் இருந்தது.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பேரனுக்குப் படித்துக் காட்டுவதற்காக எழுதுகிறேன். பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 வகை புதியதாக இருக்கையில் 230 டிகிரி வரை கொதிக்காது. நீர் சேர்ந்து பழசாகிவிட்டால் 155 டிகிரி அளவிலேயே கொதித்துவிடலாம். சரிவில் திரும்பத் திரும்ப மிதிக்கும்போது சூடேறி, எண்ணெய் கொதித்து, குழாய்க்குள் ஆவிக் குமிழ்கள் உண்டாகின்றன. எண்ணெய் அழுந்தாது, ஆவி அழுந்திவிடும். மிதி கீழே போகும், சக்கரம் பிடிக்காது. நம் கடற்கரைக் காற்றில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது அதை மாற்றாமல் விடலாமா? அதிலும் காவல் வண்டி, பின்னால் கூண்டின் எடையோடு, மற்றவர்கள் 60இல் போகும் இடத்தில் 120இல் போக நேரும் வண்டி. வேகம் இரு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். ஃபீல்ட்ஸ் ஹில் சரிவை அடக்க முடியாமல் வந்த லாரி 2013இல் பைன்டவுனில் இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனதை நாம் மறக்கவில்லை.

இன்னொன்று. ரேடியோவுக்கும் விளக்குக்குமாக இரவெல்லாம் எஞ்சினை ஓடவிட்டு நிற்கும் வண்டியின் உழைப்பு கிலோமீட்டர் மீட்டரில் ஏறுவதே இல்லை. சர்வீஸ் கணக்கோ அந்த மீட்டரை வைத்துத்தான்.

மருத்துவமனையில் தங்கை மகனிடம், "மிதி இறங்குகிறது என்று முன்பே தெரியாதா?" என்று கேட்டேன். "மூன்று முறை பதிவேட்டில் எழுதினேன், மாமா. வண்டியைப் பட்டறைக்கு அனுப்பினால் எப்போது திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. அன்று இரவு எங்கள் வட்டாரத்துக்கு ஓடக்கூடியதாக இருந்தது அது ஒன்றுதான். நான் எடுக்காவிட்டால் அந்த வீட்டுக்கு யார் போவது?" என்றான். எனக்குப் பதில் வரவில்லை. குண்டு துளைக்காத சட்டையில் கிழிசல் இருந்தால் அணிய மறுப்பார்கள். தேய்ந்த டயரை மட்டும் கடமை என்று ஏற்கிறார்கள். இப்போது அரசு வண்டி சேதமானதற்கு அவனிடமே விளக்கம் கேட்டிருக்கிறார்கள். இதை எழுதும்போது என் கை நடுங்குகிறது.

நம் பட்டறையில் எப்படி இருந்தது என்று எண்ணிப் பாருங்கள். மாலையில் ஓட்டுநர் பழுதுச் சீட்டில் 'பிரேக்' என்று ஒரு சொல் எழுதிவிட்டால், மேஸ்திரி கையெழுத்திடாமல் காலையில் அந்த பஸ் கேட்டைத் தாண்டாது. முதலாளி கத்துவார், ஆனாலும் சாவி மேஸ்திரியிடம்தான். அது நடந்ததற்குக் காரணம் மூலையில் எப்போதும் நின்ற இரண்டு உபரி பஸ்கள். காவல் நிலையத்தில் அந்த இரண்டுமே இல்லை: வண்டியை நிறுத்தும் அதிகாரமும் இல்லை, மாற்று வண்டியும் இல்லை. புது வண்டி வாங்குவதற்குக் கிடைக்கும் அக்கறை, இருக்கும் வண்டிக்கு ஒரு ஜோடி பிரேக் பேட் வாங்குவதற்குக் கிடைப்பதில்லை என்பதே என் முடிவு.

1995ஆம் ஆண்டுக் காவல் சட்டப்படி அமைந்த மக்கள்–காவல் மன்றம் எங்கள் பகுதியிலும் கூடுகிறது. இம்மாதக் கூட்டத்துக்குப் போனேன். கணக்கில் எத்தனை வண்டி, இன்றிரவு ஓடுவது எத்தனை, எழுதிக்கொடுத்தும் பார்க்கப்படாத பழுது எத்தனை என்று கேட்டேன். அதிகாரி மரியாதையாகவே நடந்துகொண்டார். முதல் இரண்டுக்கும் பதில் சொன்னார். மூன்றாவதை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். போய்க் கேட்பேன்.

பேரனின் மனுவைத் திரும்பப் பெறச் சொல்லாதீர்கள். நல்ல பிள்ளைகள் அந்தப் பணிக்கு வேண்டும். பயிற்சிக்கு அழைப்பு வருமுன் ஒரு வாரம் அவனை இங்கே அனுப்புங்கள். எஞ்சினை ஓடவிட்டு மிதியை அழுத்திப் பிடித்து அது இறங்குகிறதா என்று பார்ப்பதும், டயரின் உட்பக்கத்தைக் கையால் தடவிப் பார்ப்பதும், சரிவில் சிறிய கியரில் இறங்குவதும், கண்ட பழுதைத் தேதியோடு எழுதி ஒரு படி தன்னிடம் வைத்துக்கொள்வதும் நான் சொல்லித் தருகிறேன். உங்கள் பழைய நீல ஓவரால் இன்னும் இருந்தால் அதையே கொடுத்தனுப்புங்கள். அவனுக்கு இப்போது சரியாக இருக்கும்.

அன்புடன்,
உங்கள் பழைய பட்டறைத் தோழன்