மலைக்கு வரமாட்டேன் என்ற அக்காவுக்கு

அன்பான அக்கா,

பிள்ளைகளோடு மலைக்குப் போய்க் கூடாரம் அடித்துத் தங்குவோம் என்று கூப்பிட்டதற்கு, "தறப்பாளுக்குள்ள கிடந்தது காணாதோ? காசு குடுத்து வேற கூடாரத்துக்குள்ள படுக்கோணுமோ?" என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டீர்கள். தனியாகவே பதில் எழுதியிருக்கலாம். ஆனால் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இதே கேள்வியைக் கேட்கிற ஆட்கள் நிறையப் பேர். அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம்.

நீங்கள் ஒன்றும் கூடாரத்தை வெறுக்கிற ஆள் இல்லை. மடு மாதா கோயிலின் ஆவணித் திருவிழா என்றால் மடுக் காட்டுக்குள் கொட்டில் போட்டு, மூன்று கல் வைத்துச் சோறு காய்ச்சி, 15ஆம் திகதி வரை வீட்டுப் பக்கம் திரும்பியும் பார்க்க மாட்டீர்கள். குரங்கு பாணைத் தூக்கிக்கொண்டு ஓடினாலும் உங்களுக்குச் சிரிப்புத்தான். அங்கே என்றால் பக்தி, அதையே பிள்ளைகள் மலையில் செய்தால் ஊதாரித்தனமா? மடுவின் கதையே காட்டுவழிப் பயணம்தானே. 1670இல் ஒல்லாந்தருக்குப் பயந்து மாந்தையில் இருந்து மாதாவின் சுருவத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் நடந்த சனத்தின் வழியில் வந்த கோயில் அது.

போன முறை உங்கள் மூத்தவனையும் கூட்டிக்கொண்டு ரிவர்ஸ்டன் மலைக்குப் போனோம். ஏ9 வீதியில் நேரே மாத்தளை, அங்கிருந்து இரத்தோட்டைப் பாதையால் மேலே. நம்மூரில் உயரம் என்றால் குளக்கட்டுத்தான். வளைவுப் பாதை தொடங்கின உடனேயே அவன் சத்தி எடுத்துவிட்டான். (இதை உங்களிடம் சொல்லவேண்டாம் என்று சத்தியம் வாங்கியிருந்தான்.) மேலே ஏறினால் காற்று ஆளைத் தள்ளுகிறது, பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. பிட்டவல பத்தனவில் புல்வெளி முடிகிற இடத்தில் நிலமும் முடிந்துவிடுகிறது. குட்டி உலக முடிவு என்பார்கள். குப்புறப் படுத்துத்தான் எட்டிப் பார்க்க விட்டேன். ஈரமான இடமெல்லாம் அட்டை. காலுக்குச் சவர்க்காரம் பூசி, கையில் உப்புப் பையோடு நடந்தோம்.

கூடாரம் அடித்ததும் மண்வெட்டி கேட்டு வாங்கி, மழைத்தண்ணி ஓடச் சுற்றிவரக் கான் வெட்டினேன். மேட்டுப் பக்கம் ஆழமாக, பள்ளப் பக்கம் வாய் திறந்து. வழிகாட்ட வந்த சிங்களப் பெடியன் பார்த்துவிட்டு, இவ்வளவு வடிவாக எங்கே பழகினீர்கள் என்று கேட்டான். செட்டிகுளத்தில் என்றேன். 2009இல் போர் முடிந்து நாம் அங்கே முகாமில் கிடந்தது அவனுக்கு ஞாபகம் இருக்கிற வயது இல்லை. சரி என்று தலையாட்டிவிட்டுத் தேத்தண்ணி வைக்கப் போனான்.

இரவு செபமாலை சொன்னோம். தேவ இரகசியங்கள் என்று ஆண்டவரின் வாழ்வில் ஒவ்வொரு பகுதியை ஒவ்வொரு கிழமைக்குத் தியானிக்கவேண்டும். அம்மா பங்கருக்குள் கிழமை பார்க்காமல் அவர் பாடுபட்ட துக்க தேவ இரகசியங்களையேதானே சொல்லுவா. எனக்கும் வாயில் அதுதான் முதலில் வந்தது. உங்கள் மகன்தான் இன்றைக்கு வியாழன், ஒளியின் தேவ இரகசியம் என்று திருத்தினான். அதில் நாலாவது, ஆண்டவர் மலையில் உருமாறியது. அவருடைய சீடர் இராயப்பர் (பேதுரு) அங்கே நின்றுகொண்டு, இங்கேயே இருப்பது நல்லது, மூன்று கூடாரம் அடிக்கட்டுமா என்று கேட்கிறார். பயத்திலும் சந்தோசத்திலும் என்ன பேசுகிறோம் என்றே தெரியாமல் கேட்டாராம். எனக்கு அந்த மனிதரை நல்லாப் பிடிக்கும். கஷ்டம் வந்தால் மட்டும் கடவுளிடம் ஓடிப்போய், நேர்த்தி வைத்து, அழுது பழகிவிட்டோம். சும்மா ஒரு இடம் வடிவாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் இருப்போமே என்று அவரிடம் சொல்ல நமக்கு வாய் வருவதில்லை. பிள்ளைகளுக்கு வருகிறது அக்கா. கூடாரம் என்றதும் அவர்களுக்கும் நம்முடைய ஞாபகம்தான் வரவேண்டும் என்று ஏன் நினைக்கிறீர்கள்?

இன்னொன்று, உருமாற்ற விழாவும் ஆகஸ்ட் 6, மடுவில் கொடியேறுவதும் அன்றுதான். நான் வேணுமென்று பொருத்தவில்லை.

ஆக, மடுவை விடச் சொல்லவில்லை. திருவிழா முடிந்த கையோடு வெளிக்கிடுவோம். ஞாயிறு பூசையை மாத்தளையில் பார்த்துவிட்டு மேலே ஏறலாம். உங்களுக்குக் கூடாரம் வேண்டாம் என்றால் கீழே அறை எடுத்துத் தருகிறேன், அதில் வாதம் இல்லை. காட்டுக்குள் தங்க வனப் பாதுகாப்புத் திணைக்களத்தில் முன்கூட்டியே அனுமதி எடுக்கவேண்டும், ஆட்களின் எண்ணிக்கை கேட்பார்கள். அத்தானிடம் லீவைக் கேட்டுவிட்டு இந்தக் கிழமைக்குள் போன் எடுங்கள். சின்னவளுக்கு ஒரு சுவெட்டரும் வாங்கவேண்டும், அளவு சொல்லுங்கள்.

அன்புடன்,
தம்பி