எருசலேம் பத்தி நீ கேட்டதுக்கு

செல்வா,

உன் லெட்டர் வந்துச்சு. பாப்பாவுக்கு பி.எட். சீட் கிடைச்சதுல எங்க வீட்டுலயும் எல்லாருக்கும் சந்தோஷம், சொல்லிரு. அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, பைபிள் மறுபடி வாசிக்க ஆரம்பிச்சுட்டாங்க.

நீ கேட்டிருந்தியே, எருசலேம்ங்கிற ஒரே ஊரு எப்படி யூதருக்கும் கிறிஸ்தவங்க நமக்கும் இவ்வளவு பெருசாச்சுன்னு. போயிட்டு வந்ததுல இருந்து எனக்கும் அதே யோசனைதான். எனக்கு தோணுறது என்னன்னா, ரெண்டு பேருக்குமே அங்க இருக்கிறதுலயே ரொம்ப பரிசுத்தமானது ஒரு காலி இடம்.

சாலொமோன் ராஜா எருசலேம்ல கட்டுன யூத ஆலயத்த கி.மு. 586 வாக்குல பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் படை எரிச்சுது, நமக்கு சண்டே ஸ்கூல்லயே தெரியும். திரும்பி வந்து ரெண்டாவது ஆலயம் கட்டுனாங்க, ஆனா பத்துக் கட்டளைக் கல்பலகை வச்சிருந்த உடன்படிக்கைப் பெட்டி போனது போனதுதான். கி.மு. 63-ல ரோமத் தளபதி பொம்பே ஊர பிடிச்சு ஆலயத்தோட உள் அறையான மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள்ளயே நுழைஞ்சு பாத்தான், சிலை இல்ல, ஒண்ணும் இல்ல, வெறும் அறை. அந்த ரெண்டாவது ஆலயத்தையும் கி.பி. 70-ல ரோமத் தளபதி தீத்து படை அழிச்சிருச்சு. இப்ப ஜனங்க நின்னு அழுற மேற்குச் சுவரு கூட ஆலயத்துச் சுவரு கிடையாது, ஏரோது ராஜா ஆலயம் இருந்த மலைய அகலமாக்குனப்ப மண்ணு சரியாம இருக்க கட்டுன சுவரு. எனக்கு பக்கத்துல ஒரு தாத்தா நெத்திய கல்லுல வச்சுக்கிட்டு அப்படியே நின்னாரு, கல்லு இடுக்கு பூரா மடிச்சு சொருகுன துண்டுச் சீட்டு. அத வருஷத்துக்கு ரெண்டு தடவ எடுத்து ஒலிவமலையில புதைப்பாங்களாம், குப்பையில போட மாட்டாங்க.

உலகத்துல எந்த மூலையில இருந்தாலும் இந்தத் திசையப் பாத்துதான் ஜெபம் பண்றாங்க, கல்யாணத்துல மாப்பிள்ளை ஆலயம் அழிஞ்ச ஞாபகமா கண்ணாடி கிளாஸ கால்ல மிதிச்சு உடைக்கிறான், பஸ்கா விருந்து முடியிறப்ப "அடுத்த வருஷம் எருசலேம்ல"ன்னு சொல்லுறாங்க, ரெண்டு ஆலயமும் அழிஞ்ச நாளா நெனைக்கிற அவங்க ஆவ் மாசம் 9-ம் தேதி உபவாசம் இருந்து தரையில உக்காந்து புலம்பல் புஸ்தகம் வாசிக்கிறாங்க, ரெண்டாயிரம் வருஷமா ஒரு ஜனம் இல்லாத ஒண்ணுக்காக இப்படி ஏங்கிக்கிட்டு இருக்கிறத நெனச்சா எனக்கு தொண்டை அடைக்குது.

நம்ம பக்கம் கதை வேற. எருசலேம்ல மட்டும்தான் தொழணும்னு இல்லன்னு சமாரியா ஸ்திரீகிட்ட இயேசுவே சொல்லிட்டாரு, அதனால போயே தீரணும்னு நமக்கு கட்டாயம் இல்ல. ஆனாலும் கி.பி. 335-ல ரோம ராஜா கான்ஸ்டன்டைன் இயேசுவோட கல்லறை இடத்துல கட்டி முடிச்ச கல்லறை ஆலயத்துக்கு இன்னைக்கு வரைக்கும் கூட்டம் குறையல. ஆறு சபைக்காரங்க பங்கு போட்டு வச்சிருக்காங்க, சாவி முஸ்லிம் குடும்பத்துகிட்ட. கல்லறைக்குள்ள குனிஞ்சுதான் போகணும், மூணு நாலு பேருக்கு மேல நிக்க முடியாது, ஒரு பளிங்குப் பலகை, அவ்வளவுதான். "அவர் இங்கே இல்லை, அவர் உயிர்த்தெழுந்தார்"னு லூக்கால வருதே, அத பாக்கத்தான் இத்தனை பேரும் வாறாங்க. யூதருக்கு காலி இடம்னா துக்கம், காத்திருப்பு, நமக்கு அதுவே சந்தோஷம்.

ஒரு விஷயம் மட்டும் மனசுல உறுத்துது. 333-ல பிரான்ஸ் பக்கத்துல இருந்து வந்த ஒரு யாத்ரீகர் எழுதி வச்சிருக்காரு, யூதங்க வருஷத்துக்கு ஒரு தடவ ஆலயம் இருந்த இடத்துக்கு வந்து ஒரு ஓட்டைக் கல்லுல எண்ணெய் பூசி, துணியக் கிழிச்சுக்கிட்டு அழுதுட்டு போவாங்கன்னு. அதே நேரத்துல நடக்கிற தூரத்துல நம்ம ஆலயம் ஜோரா எழும்பிக்கிட்டு இருக்கு. ஆலயத்து மேட்ட நம்மாளுங்க இடிபாடாவே விட்டுட்டாங்க, கல்லின்மேல் கல்லிராதுன்னு இயேசு சொன்னது பலிச்சதுக்கு சாட்சியாம். இயேசு அந்த ஊரப் பாத்து கண்ணீர் விட்டாருன்னும் அதே லூக்காலதான இருக்கு, அது எப்படிடா மறந்து போச்சு?

நீ போறதா இருந்தா தமிழ்நாடு அரசு மானியம் இருக்கு, கேட்டுப் பாரு. ஈஸ்டர் சமயம் வேண்டாம், நெரிசல் தாங்காது. கல்லறைக்கு விடியக்காலையில போ, அப்பதான் நின்னு ஜெபம் பண்ண முடியும்.

உன்,
ஜெபா