யன்னல் திரையின் சங்கிலியைச் சுவரில் பொருத்தாமல் விட்டது பற்றிய முறைப்பாடு

உப்புவெளி,
திருகோணமலை.

முகாமையாளர் அவர்களுக்கு,
யன்னல் திரை விற்பனைப் பிரிவு.

ஐயா,

கடந்த வைகாசியில் உங்கள் கடையில், சுருட்டி ஏற்றி இறக்கும் ரோலர் பிளைண்ட் திரைகள் நான்கு வாங்கினோம். எங்கள் வீட்டில் மேற்குப் பக்க யன்னலால் பின்னேர வெயில் நேரே கட்டிலில் விழும். கச்சான் காற்று வீசத் தொடங்கினால் துணித்திரை ஓரிடத்தில் நிற்காது. அதற்காகத்தான் வாங்கினோம். துணியிலோ நிறத்திலோ குறை இல்லை. என் முறைப்பாடு, திரையை ஏற்றி இறக்கும் அந்த மணிச்சங்கிலியைப் பற்றியது.

பொருத்த வந்த தம்பி பெட்டியைப் பிரித்தபோது, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சின்னப் பிளாஸ்ரிக் பிடியும் இரண்டு திருகாணிகளும் இருந்தன. இது எதற்குத் தம்பி என்று கேட்டேன். "அது தேவையில்லை அக்கா, சுவரில் வீணாக ஓட்டை விழும்" என்றார். அவருக்குத் தெரியும்தானே என்று நானும் விட்டுவிட்டேன். அப்போது என் மகன் அதே அறைக்குள் அவருடைய காலடியில்தான் ஓடித் திரிந்தான். குழந்தை இருக்கிற வீடு என்று அவருக்குத் தெரியாமல் இல்லை.

போன செவ்வாய்க்கிழமை பின்னேரம் மகன் நித்திரையால் எழும்பியிருக்கிறான். அவனுக்கு 22 மாதம். கட்டிலில் நின்றபடி, யன்னலோரம் தொங்கிய சங்கிலி வளையத்தை எடுத்துக் கழுத்தில் போட்டிருக்கிறான். கோயிலில் மாலை போடுவதைப் பார்த்த பிள்ளை. நான் அடுத்த அறையில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். ஒரு சத்தமும் கேட்கவில்லை. அழவும் இல்லை, அம்மா என்று கூப்பிடவும் இல்லை. எழும்பிவிட்டானா என்று பார்க்கத்தான் எட்டிப் பார்த்தேன். ஒரு கால் கட்டில் விளிம்பால் வழுக்கியிருந்தது, சங்கிலி கழுத்தில் இறுகியிருந்தது, வாய் திறந்திருந்தது, குரல் வரவில்லை. தூக்கிப் பிடித்துக் கழற்றினேன். கழுத்தைச் சுற்றிச் சிவந்த கோடு மூன்று நாள் இருந்தது. இதை எழுதும்போதும் என் கை நடுங்குகிறது.

இந்த வயதில் உடம்போடு பார்க்கத் தலை பாரம் கூட, மூச்சுக்குழாய் இன்னும் மென்மை, தானாக நிமிர்ந்து விடுவித்துக்கொள்ளவும் பலம் இல்லை என்று டொக்டர் விளக்கினார். 15 வினாடியில் மயங்கிவிடலாமாம். இரண்டு மூன்று நிமிடத்தில் உயிரே போகலாமாம்.

அடுத்த நாள் உங்கள் கடைக்குத் தொலைபேசி எடுத்தேன். பிள்ளையைப் பெரியவர்கள்தான் கவனமாகப் பார்க்க வேண்டும், இப்படி ஒருவரும் இதுவரை சொன்னதில்லை என்று பதில் வந்தது. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், ஐயா. எனக்கும் அவனுக்கும் நடுவில் பத்து அடிகூட இல்லை.

அப்புறம்தான் அந்தப் பெட்டிகளைத் தேடி எடுத்தேன். குழந்தையின் கழுத்தில் கயிறு மாட்டியிருக்கும் படத்தை எச்சரிக்கையாக அச்சடித்திருக்கிறார்கள். சங்கிலியின் அடி வளையத்தைப் பிடிக்குள் கொளுவி, இறுக்கமாக நிற்கும்படி சுவரில் திருகினால் போதும். தலை நுழைய வளையம் விரியாது. திரை வழமைபோல ஏறி இறங்கும். தயாரித்தவர் ஆபத்தையும் சொல்லி, தடுக்கும் பொருளையும் தந்திருக்கிறார். உங்கள் ஆள் அதைப் பெட்டிக்குள்ளேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

எங்கள் சங்கிலி தரையிலிருந்து 60 சென்ரிமீற்றரில் முடிகிறது. இங்கிலாந்தில், தொங்கும் கயிற்றைச் சுற்றிவைக்கும் கொக்கியையே தரையிலிருந்து குறைந்தது 1.5 மீற்றர் உயரத்தில் அடிக்கச் சொல்கிறார்கள். கனடாவில் கைக்கு எட்டும் கயிறு 22 சென்ரிமீற்றருக்கு மேல் இருந்தால் அந்தத் திரையை விற்க முடியாது. இதை ரொறன்ரோவில் இருக்கும் என் அக்கா சொன்னார். இங்கே பிள்ளைகளின் கழுத்து மட்டும் வேறா?

காசைத் திருப்பித் தரும்படி நான் கேட்கவில்லை. இந்த வாரத்துக்குள் ஆளை அனுப்பி நான்கு பிடிகளையும் பொருத்தித் தாருங்கள். ஒட்டுகிற ரேப் வேண்டாம், பிள்ளை இழுத்தால் கழன்றுவிடும். அதைவிட முக்கியமானது மற்ற வீடுகள். எங்கள் ஒழுங்கையிலேயே இன்னும் இரண்டு வீட்டில் உங்கள் திரை தொங்குகிறது, இரண்டிலும் இதே கதை. ஒன்றில் தவழும் பிள்ளை இருக்கிறது. பற்றுச்சீட்டுப் பிரதிகளில் எல்லோருடைய தொலைபேசி இலக்கமும் உங்களிடம் இருக்கும். ஒவ்வொருவருக்கும் எடுத்துச் சொல்லுங்கள். ஆள் வரும்வரை சங்கிலியைப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் சுருட்டிக் கட்டச் சொல்லுங்கள். கட்டில், கதிரை எதுவும் யன்னலோரம் இருக்கக் கூடாது என்றும் சொல்லுங்கள். கயிறே இல்லாமல் கையால் இழுத்து விடுகிற திரைகளும் இருக்கின்றன. சின்னப் பிள்ளை உள்ள வீட்டார் வந்தால் முதலில் அதைக் காட்டுங்கள்.

14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடுவேன்.

பற்றுச்சீட்டின் பிரதியையும், சங்கிலியும் பெட்டியும் தெரியும் படங்களையும் இணைத்திருக்கிறேன். நான்கு பிடிகளும் உறை பிரிக்காமல் அப்படியே என்னிடம் இருக்கின்றன. வருகிறவரைத் துளை போடும் மெஷினை மறக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்