புள்ளி மறைந்த நாள்

என் அருமை நெட்டைக்கு,

உன் இரண்டு கடிதங்களும் மேசை மேல் கிடக்கின்றன. முதலாவது வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. இரண்டாவது நேற்று வந்தது. "உயிரோடு இருக்கிறாயா குட்டை?" என்று ஆரம்பித்திருக்கிறாய். இருக்கிறேன்டி. இத்தனை நாளும் இங்கே ஒரு ஆஸ்பத்திரி நடத்திக்கொண்டிருந்தேன். நோயாளிக்கு ஒரு சாண் நீளம்கூடக் கிடையாது, கண்ணுக்கு இமை கிடையாது, எங்கே வலிக்கிறது என்று கேட்டால் வாயைத் திறந்து திறந்து மூடுவான்.

மேஸ்திரியைத்தான் சொல்கிறேன். போன தடவை வந்தபோது பார்த்தாயே, தொட்டியின் ஒரு மூலையில் இருக்கும் கூழாங்கல்லை வாயில் கவ்வி இன்னொரு மூலையில் போய்த் துப்புவானே, அந்தத் தங்கமீன். பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்த வெள்ளையும் ஆரஞ்சும் கலந்தவள் சித்தாள். மூன்று வருஷமாக இரண்டு பேருக்கும் ஒரு தும்மல்கூட வந்ததில்லை. வினை நான் வாங்கி வந்த மூன்றாவது மீனோடு வந்தது. புது மீனை இரண்டு மூன்று வாரமாவது தனித் தொட்டியில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். இது எனக்குத் தெரியாதா? தெரியும். "கடையில் பார்க்க நன்றாகத்தானே இருந்தது" என்று பையை அவிழ்த்து அப்படியே விட்டுவிட்டேன். அதே வாரம் ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிடித்து, அழுக்குத் தண்ணீர் நிற்கும்வரை பிழிந்து பிழிந்து கழுவினேன். சுத்தம் பார்க்கிறேனாம். இந்த இரண்டாவது கூத்தைப் பின்னால் சொல்கிறேன்.

பத்து நாள் கழித்து மேஸ்திரி கல்லில் உடம்பை உரச ஆரம்பித்தான். சும்மா உரசுவதில்லை, சாய்ந்து பாய்ந்து 'சரக்'கென்று ஒரு தேய்ப்பு. மறுநாள் துடுப்புகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு ஒரு மூலையில் நின்றான். அன்று ராத்திரி டார்ச்சும், நான் பேப்பர் படிக்க வைத்திருக்கும் பூதக்கண்ணாடியுமாக உட்கார்ந்து பார்த்தேன். வால் முழுக்க உப்புக்கல் தூவியது மாதிரி வெள்ளைப் புள்ளிகள். எண்ணினேன், பதினேழு வரை. அதற்கு மேல் அவன் நிற்கவில்லை.

வெண்புள்ளி நோய். மீன் வளர்க்கிறவர்கள் 'இக்' என்று சுருக்கிச் சொல்வார்கள். முழுப் பெயர் இக்தியோஃப்தீரியஸ் மல்ட்டிஃபிலிஸ். வாயில் நுழையாத இந்தப் பெயரைப் பிரித்துப் பார்த்தால் 'மீன்பேன், பிள்ளைகள் அநேகம்' என்று அர்த்தமாம். 1876லேயே வைத்துவிட்டார்கள். உண்மையில் அது பேன் இல்லை, ஒரே செல்லால் ஆன ஒட்டுண்ணி. ஆனால் பிள்ளைகள் விஷயத்தில் பெயர் பொய் சொல்லவில்லை.

நான் என்ன செய்தேன்? ஓடினேன். கடையில் இருந்தவர் ஒரு பாட்டிலைக் கொடுத்து "எல்லாத்துக்கும் கேக்கும்மா" என்றார். சொன்ன அளவு ஊற்றினேன். தொட்டி நீலமாகிவிட்டது. என் விரல்களும் நீலம், தொட்டியின் ஓரத்து சிலிக்கான் ஒட்டெல்லாம் நீலம், அது இன்றுவரை போகவில்லை. ஆனால் தண்ணீரின் நீலம் மட்டும் மத்தியானத்துக்குள் போய்விட்டது. மருந்தை மீன் குடித்துவிட்டது என்றே நினைத்தேன், சிரிக்காதே.

நாலாம் நாள் காலையில் புள்ளி ஒன்றுகூட இல்லை. மேஸ்திரி துடுப்பை விரித்துக்கொண்டு சாப்பாட்டுக்கு வந்தான். நான் பாட்டிலை மூடி அலமாரியில் வைத்துவிட்டு உனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன் தெரியுமா? "வைத்தியம் பலித்தது" என்று ஒரு பக்கம் பெருமை அடித்து எழுதினேன். அனுப்பாதது நல்லதாகப் போயிற்று.

அடுத்த நாலாம் நாள் மூன்று மீன் மேலும் புள்ளி. எண்ண முடியவில்லை. புது மீன் அன்று சாயங்காலமே போய்விட்டது. ராத்திரி சித்தாள் தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயை வைத்துத் திறந்து திறந்து மூடினாள். அவள் உடம்பில் மொத்தமே ஐந்தாறு புள்ளிதான். மேஸ்திரிதான் உப்பில் புரண்டவன் மாதிரி இருந்தான், அதனால் என் கவலையெல்லாம் அவன் மேல். காலையில் பார்த்தால் அவன் நிற்கிறான், இவள் தரையில் பக்கவாட்டில் கிடக்கிறாள். செவுள் மூடியைத் தூக்கிப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. உள்ளே பளிச்சென்று சிவப்பாக இருக்க வேண்டிய செவுள் வெளிறி, கோழை படிந்து கிடந்தது. அந்த ஒட்டுண்ணி செவுளில் புகுந்துவிட்டால் தோலில் புள்ளி தெரிய வேண்டியதே இல்லை, மூச்சடைத்தே போய்விடும்.

அந்த வாயைத் திறந்து மூடுகிற கோலத்தை நாம் இதற்கு முன்னால் பார்த்திருக்கிறோம் நெட்டை. ஹாஸ்டலில் ஜன்னல் விளிம்பில் கண்ணாடி ஜாடிக்குள் வைத்திருந்தோமே, ஒரு குட்டி சிவப்பு மீன். மூன்றாம் நாள் அது மேலே வந்து வாயை வாயைத் திறந்தது. "பசிக்குதுடி பாவம்" என்று நீ சொன்னாய். நான் இன்னொரு சிட்டிகை தீனி போட்டேன். திரும்ப வாயைத் திறந்தது, திரும்பப் போட்டோம். அது பசி இல்லை. மூச்சுத் திணறல். தின்றது கழிவாகி, தின்னாதது அழுகி, ஜாடி முழுக்க அம்மோனியா. அதில் செவுள் வெந்துகொண்டிருந்த மீனுக்கு நாம் இன்னும் இன்னும் தீனி போட்டிருக்கிறோம். முப்பத்தைந்து வருஷம் கழித்து அது தெரிந்து என்ன ஆகப்போகிறது, ஆனாலும் சித்தாளைக் கையில் வைத்திருந்தபோது அந்த ஜாடிதான் ஞாபகம் வந்தது.

அன்றைக்குத்தான், முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். தண்ணீரை டெஸ்ட் பண்ணினேன். மஞ்சளாக நிற்க வேண்டிய குப்பி நல்ல பச்சைக்குப் போயிற்று. அம்மோனியா லிட்டருக்கு 1 மில்லிகிராம். சுழியம் இருக்க வேண்டிய இடத்தில்! ஸ்பாஞ்சைக் கழுவிய லட்சணம் இது. மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை அவ்வளவாகத் தொந்தரவில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா குடியிருப்பதே அந்த ஸ்பாஞ்சில்தான். குழாய்த் தண்ணீரின் குளோரினில் போட்டுப் பிழிந்து அத்தனையையும் கொன்றிருக்கிறேன். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே லேசாக அலசினால் போதும். ஃபில்டரைத் திறந்தபோது இன்னொரு மானக்கேடும் வெளியே வந்தது. உள்ளே கரிப் பை. மருந்து ஊற்றும்போது கரியை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அது மருந்தை உறிஞ்சிவிடும். நீலம் மத்தியானத்துக்குள் மாயமானது அப்படித்தான்.

அப்படியானால் நாலாம் நாள் புள்ளி எப்படி மறைந்தது? இதைத்தான் உனக்கு முக்கியமாகச் சொல்ல வந்தேன். நாம் பார்க்கிற வெள்ளைப் புள்ளி, தோலுக்கு அடியில் உட்கார்ந்து தின்று கொழுக்கிற ஒட்டுண்ணி. அங்கே இருக்கும்வரை எந்த மருந்தும் அதைத் தொடாது. கொழுத்த பிறகு தானாகவே கழன்று விழும். கல்லிலோ கண்ணாடியிலோ ஒட்டி, மேலே ஒரு கூடு கட்டிக்கொண்டு, உள்ளுக்குள் இரண்டு நான்கு எட்டு என்று பிரியும். ஒரு புள்ளியிலிருந்து ஆயிரம் குஞ்சுவரை வெளியே வரும். அந்தக் குஞ்சுகள் இரண்டு நாளுக்குள் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் சாகும். மருந்துக்கும் உப்புக்கும் அது சிக்குவது, நீந்தித் திரிகிற அந்தக் கொஞ்ச நேரத்தில் மட்டும்தான். மீன் பளபளவென்று இருந்த அந்தக் காலையில் தொட்டியின் தரையெல்லாம் கூடு கட்டியிருந்தது. நான் சரியாக அந்த நேரம் பார்த்து பாட்டிலை மூடி வைத்திருக்கிறேன்.

இப்போது உன் இரண்டாவது கடிதத்துக்கு வருகிறேன். "கண் ஆபரேஷன் முடிந்து பத்து நாளாயிற்று, சிவப்பே இல்லை, நன்றாகத் தெரிகிறது, அதனால் சொட்டு மருந்தை நிறுத்திவிட்டேன்" என்று எழுதியிருக்கிறாயே, யாரைக் கேட்டு நிறுத்தினாய்? டாக்டர் எத்தனை நாள் எழுதிக் கொடுத்தாரோ அத்தனை நாளும் போடடி. நிறுத்தலாமா என்று அவரைக் கேள், கண்ணாடியைக் கேட்காதே. கண்ணும் மீனும் ஒன்றா என்பாய். பாட்டிலை மூடி வைக்கிற புத்தி ஒன்றுதான்.

மேஸ்திரியின் கதையை முடிக்கிறேன். முதலில் தண்ணீர். தினமும் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, குளோரின் முறித்த, அதே சூட்டில் இருக்கிற தண்ணீர். கூழாங்கல் அத்தனையும் வெளியே. வெறும் தரையாக இருந்தால் சைஃபன் குழாயை வைத்துத் தினமும் உறிஞ்சிவிடலாம், கூடுகளில் பாதி அதிலேயே போகும். தீனி இரண்டு நாளுக்கு ஒரு தடவை, அதுவும் கிள்ளித்தான்.

அம்மோனியா இறங்கிய பிறகு உப்பு. வேறெதுவும் கலக்காத வெறும் கல்லுப்பு, லிட்டருக்கு 3 கிராம். 120 லிட்டர் தொட்டி, அதனால் 120 கிராமாக மூன்று தடவை, ஒன்றரை நாளில், தொட்டித் தண்ணீரிலேயே கரைத்து. ஒன்று தெரிந்துகொள். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆகாது. குறைந்த மட்டத்துக்கு வெறும் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். 40 லிட்டர் எடுத்துவிட்டு மாற்றினால்தான் அந்த 40க்குரிய 120 கிராம். இதைத் தாளில் எழுதித் தொட்டியில் ஒட்டி வைத்தேன், என் ஞாபகசக்தி உனக்குத் தெரியுமே. நன்னீர் மீனின் ரத்தம் அது வாழும் தண்ணீரைவிட உப்பு அதிகம், அதனால் தண்ணீர் ஓயாமல் உடம்புக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும், மீன் அதை வெளியே இறைத்துக்கொண்டே இருக்கும். தோல் புண்ணானால் இறைப்பு இரட்டிப்பு. வெளியிலும் கொஞ்சம் உப்பிருந்தால் அந்தப் பாடு குறைகிறது.

ஹீட்டரையும் ஏற்றினேன், நாளுக்கு இரண்டு டிகிரிக்கு மிகாமல், 23லிருந்து 28 வரை. சூட்டில் ஒட்டுண்ணி சீக்கிரம் கொழுத்துச் சீக்கிரம் விழும், சிக்குகிற நாளும் சீக்கிரம் வரும். ஆனால் சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவு, தங்கமீனோ குளிர்ந்த தண்ணீர்க்காரன், அதனால் ஏர் பம்பு இரண்டு. ராத்திரியெல்லாம் கூடத்தில் 'குளுகுளு' சத்தம். இவர் பாயைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். (இன்னொன்று: வாயில் பஞ்சு மாதிரி வெள்ளை படிந்தால் அது பாக்டீரியா, கொலம்னாரிஸ். அதற்குச் சூடு ஏற்றினால் நோய்தான் வேகமாகப் பரவும். வெள்ளையாக இருப்பதெல்லாம் ஒன்றில்லை.)

ஆறாம் நாள் புள்ளி மறைந்தது. அன்றைக்கு எனக்குச் சந்தோஷமே வரவில்லை, பயம்தான் வந்தது. அதிலிருந்து இன்னும் பதினான்கு நாள் எதையும் மாற்றாமல் ஓட்டினேன்.

எல்லாம் முடிந்து உப்பை மெல்ல மெல்லக் குறைத்து, சூட்டை இறக்கி, போன வாரம் நிம்மதியாக உட்கார்ந்தால், மேஸ்திரியின் செவுள் மூடியில் மறுபடி வெள்ளைப் புள்ளி! கை நடுங்கிவிட்டது. பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, கோலப்புள்ளி வைத்த மாதிரி வரிசையாக, செவுள் மூடியிலும் முன்துடுப்பின் முதல் நரம்பிலும் மட்டும். வேறெங்கும் ஒன்றுகூட இல்லை. அது நோயே இல்லையடி. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் தங்கமீனுக்கு வருகிற முத்துக்கள். மூன்று வருஷமாக அவன் ஆணா பெண்ணா என்று எனக்குத் தெரியாது. சித்தாள் போன பிறகு மாப்பிள்ளைக் கோலம் கட்டியிருக்கிறான்.

பேரனுக்குப் பிறந்தநாள் பரிசாக மீன் வாங்கித் தரலாமா என்று முதல் கடிதத்தில் கேட்டிருந்தாய். பிறந்தநாளுக்குத் தொட்டியை மட்டும் கொடு. பெரிய தொட்டியாக, ஃபில்டரோடு. உருண்டைக் கிண்ணம் வேண்டவே வேண்டாம். ஃபில்டரில் பாக்டீரியா குடியேற நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும், அதற்குத் தீனியாகத் துளித்துளியாக அம்மோனியாவும் விட வேண்டும். எப்படி என்று தனியாக எழுதுகிறேன். அதுவரை காலித் தொட்டியைப் பார்த்துக்கொண்டு பையன் பொறுமையாக இருந்தால் மீன் வாங்கலாம். "தங்கமீன்தானே, இரண்டு வருஷம் இருக்கும்" என்று யாராவது சொன்னால் நம்பாதே. ஒழுங்காகப் பார்த்தால் பத்திருபது வருஷம் சாதாரணம். இங்கிலாந்தில் 1956இல் ஒரு பொருட்காட்சியில் பரிசாகக் கிடைத்த டிஷ் என்ற தங்கமீன் 1999 வரை இருந்தது. 43 வருஷம்! உன் பேரனுக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும்வரை.

நேற்றுக் கூழாங்கற்களை நன்றாகக் காயவைத்து ஒரு கைப்பிடி மட்டும் திரும்பப் போட்டேன். மேஸ்திரி அந்தப் பக்கமே போகவில்லை. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன். பாதித் தூக்கத்தில் கூடத்திலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம், கண்ணாடியில் கல் பட்ட மாதிரி. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு 'டக்'. எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

அன்புடன்,
உன் குட்டை

பி.கு.: காலைச் சொட்டு, சாயங்காலச் சொட்டு இரண்டையும் போட்டுவிட்டுத்தான் பதில் எழுத வேண்டும். எழுத்து கோணலாக இருந்தால் கண்டுபிடித்துவிடுவேன்.